சோனி ஏ7சி 2: பாடி சிறுத்தது, பை சிறுக்குமா?

லென்ஸ் மாற்ற முடிய வேண்டும், சென்சார் பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள ஃபுல் ஃபிரேமாக இருக்க வேண்டும், நாள் முழுக்கத் தோளில் மாட்டினாலும் வலிக்கக் கூடாது. இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்பவர்களுக்கு முதலில் கைகாட்ட வேண்டிய பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) சோனி ஏ7சி 2. 2023 ஆகஸ்டில் சுமார் 2,200 டாலர் விலையில் அறிவிக்கப்பட்டது. 33 மெகாபிக்சல் சென்சார், பேட்டரியும் கார்டும் சேர்த்து 514 கிராம், அகலம் 124 மி.மீ., உயரம் 71.1 மி.மீ. ஏ7 மார்க் 4-ல் இருக்கும் அதே 33 மெகாபிக்சல் வகை சென்சார்தான் இதிலும் இருக்கிறது. ஒரே லென்ஸை மாட்டி எடுத்த இரண்டு ரா ஃபைல்களை (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்புகளை)ப் பக்கத்தில் வைத்தால் எது எந்தக் கேமரா என்று சொல்ல முடியாது. அதனால் படத்தின் தரத்தைப் பற்றி இங்கே அதிகம் பேசத் தேவையில்லை. உடம்பைச் சுருக்க எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்கள், அது வேலையில் எங்கே இடிக்கும், எந்த லென்ஸை மாட்டினால் சுருக்கியதற்குப் பலன் கிடைக்கும் என்பவைதான் வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியவை.

சோனியின் முதல் ஏ7 2013-ல் வந்தபோது எடை 474 கிராம்தான். அடுத்த ஆண்டே ஏ7 மார்க் 2-ல் சென்சாரை அசைத்து நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷன் சேர்ந்தது. எடை 599 கிராம் ஆனது. 2018-ல் மார்க் 3 பெரிய பேட்டரியோடு 650 கிராமுக்குப் போனது. 2021-ல் வந்த மார்க் 4 658 கிராம். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா என்றாலே சிறியது என்று நம்பி வாங்கியவர்கள் எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 185 கிராம் கூடுதலாகச் சுமக்க வேண்டி வந்தது. ஏ7சி 2 அதைத் திருப்பியிருக்கிறது. முதல் ஏ7-ஐவிட 40 கிராம்தான் அதிகம். ஆனால் அதில் இல்லாத ஸ்டெபிலைசேஷன் இதில் இருக்கிறது. அதன் என்.பி-எஃப்.டபிள்யூ50 பேட்டரி 1,020 எம்.ஏ.எச்.; இதில் இருக்கும் என்.பி-எஃப்.இசட்100 பேட்டரி 2,280 எம்.ஏ.எச். வியூஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு திரையில்) பார்த்தே எடுத்தால் ஒரு சார்ஜில் சுமார் 530 படங்கள் என்று கணக்கு சொல்கிறார்கள். நிதானமாக எடுப்பவருக்கு ஒரு பகலுக்கு ஒரு பேட்டரி போதும்.

ஏ7 மார்க் 4-க்கும் இதற்கும் உயரத்தில் 25 மி.மீ. வித்தியாசம். அதில் பெரும்பகுதி நடுவில் புடைத்திருந்த வியூஃபைண்டர் கூம்பைத் தூக்கிவிட்டு, வியூஃபைண்டரை இடது மூலைக்குத் தள்ளியதில் கிடைத்தது. இதற்கு ஒரு விலை உண்டு. மார்க் 4-ன் வியூஃபைண்டர் 36.9 லட்சம் புள்ளிகள், 0.78 மடங்கு பெரிதாக்கம். இதில் 23.6 லட்சம் புள்ளிகள், 0.70 மடங்கு. முந்தைய ஏ7சி-யில் 0.59 மடங்குதான் இருந்தது. துவாரம் வழியாக எட்டிப் பார்ப்பது மாதிரி இருக்கும். அதோடு ஒப்பிட்டால் இது நல்ல முன்னேற்றம். கையால் ஃபோகஸ் செய்யும் பழைய லென்ஸ்களை மாட்டுபவர்களுக்கு மட்டும் இந்தப் புள்ளி எண்ணிக்கை போதாது. அவர்கள் ஃபோகஸ் இடத்தைப் பெரிதாக்கிக் காட்டும் மேக்னிஃபையரை ஒரு பட்டனில் ஏற்றிக்கொள்வது கட்டாயம்.

மூலை வியூஃபைண்டர் வலது கண்ணால் பார்ப்பவருக்கு வசதி. மூக்கு பாடிக்கு வெளியே இடப்பக்கம் போய்விடும், திரையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாது. இடது கண்ணால் பார்ப்பவருக்கு மூக்கு நேராகத் திரையில் உட்காரும், ஃபோகஸ் புள்ளி தானாக நகரும். இதைத் தவிர்க்க மெனுவில் டச் பேட் பகுதிக்குப் போய், தொட்டால் வேலை செய்யும் இடத்தை வலது பாதி அல்லது வலது கால் பகுதி என்று குறுக்கிவிட வேண்டும்.

அந்த டச் பேட் இந்தக் கேமராவில் வெறும் கூடுதல் வசதி கிடையாது. ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் ஜாய்ஸ்டிக் இதில் இல்லை. இடம் போதவில்லை என்று எடுத்துவிட்டார்கள். பின்பக்கச் சக்கரத்தின் நான்கு திசைகளை அழுத்திப் புள்ளியை நகர்த்துவது மிக மெதுவான வேலை. சரியான வழி வேறு. ஃபோகஸ் முறையைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் ஏ.எஃப்-சி-யில் வையுங்கள். ஃபோகஸ் ஏரியாவில் டிராக்கிங் வரிசையில் இருக்கும் சென்டர் ஃபிக்ஸைத் தேர்ந்தெடுங்கள். எடுக்க வேண்டிய ஆளை நடுவில் கொண்டுவந்து ஏ.எஃப்-ஆன் பட்டனை அழுத்திப் பிடியுங்கள், பிறகு சட்டகத்தை விருப்பம்போல் நகர்த்துங்கள். புள்ளி ஆளோடு ஒட்டிக்கொண்டே போகும். மனிதர், விலங்கு, பறவை, பூச்சி, கார், ரயில், விமானம் என்று பிரித்து அடையாளம் காணத் தனிச் சிப் இருப்பதால் இந்த முறை பெரும்பாலும் ஏமாற்றாது. ஆள் முகம் திருப்பினாலும் தலையைப் பிடித்துக்கொள்கிறது. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் ஜாய்ஸ்டிக் ஞாபகமே வராது.

ஷட்டர் விஷயம் அப்படி எளிதில் மறக்கக்கூடியது இல்லை. விளம்பரத் தாளில் ஒரே வரியில் போய்விடுகிற இதைத்தான் வாங்குவதற்கு முன் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். பெரிய பாடிகளில் சென்சாரைத் திறந்து மூடும் ஷட்டரின் இரண்டு திரைகளும் எந்திரத் திரைகளாக இயங்கும் வழி உண்டு. ஏ7சி 2-ல் முன்திரை மின்னணு, பின்திரை மட்டும் எந்திரம். வேகத்தின் உச்சம் 1/4000 நொடி, ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் உச்ச வேகம் 1/160 நொடி.

முன்திரை சென்சாரின் தளத்திலேயே தொடங்குகிறது. பின்திரையோ சென்சாருக்குச் சற்று முன்னால் ஓடுகிறது. வேகம் கூடக்கூட இரண்டுக்கும் நடுவில் உள்ள திறப்பு மெல்லிய கோடாகிவிடும். எஃப் 1.4 மாதிரி (எஃப் எண் சிறுத்தால் திறப்பு பெரிது) அகலத் திறந்த லென்ஸின் விளிம்புகளிலிருந்து சாய்வாக வரும் ஒளியில் ஒரு பகுதியைப் பின்திரை முன்கூட்டியே மறைத்துவிடும். படத்தில் கூர்மை கெடாது. ஆனால் பின்னணியில் வட்டமாக மங்க வேண்டிய விளக்குப் புள்ளிகள் ஒரு பக்கம் வெட்டுப்பட்ட மாதிரி வரும். 1/1000-ஐத் தாண்டினால் இது தெரிய ஆரம்பிக்கும், 1/4000-ல் நன்றாகவே தெரியும்.

உச்சி வெயிலில், ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ. 100-ல், எஃப் 16-க்கு 1/100 நொடி என்பது பழைய கணக்கு. அதன்படி எஃப் 1.4-க்கு 1/13,000 நொடி தேவை. கேமராவால் முடியாது. நான்கு ஸ்டாப், அதாவது ஒளியைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைக்கும் என்.டி.16 ஃபில்டரைப் போட்டால் 1/800 அளவுக்கு இறங்கிவிடும். வெட்டுப்பட்ட வட்டங்களும் போய்விடும், வெளுத்துப்போகும் பிரச்சினையும் தீரும். அதே கணக்கில் எஃப் 2.5-க்கு வேண்டிய வேகம் 1/4000. அதாவது சோனியின் சிறிய எஃப் 2.5 லென்ஸ்களை முழு வெயிலில் முழுக்கத் திறந்தாலும் இந்த ஷட்டரின் எல்லைக்குள் அடங்கும். பாடிக்கும் அந்த லென்ஸ்களுக்கும் பொருத்தம் எடையில் மட்டும் இல்லை என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

முழு மின்னணு ஷட்டருக்கு மாறினால் 1/8000 வரை கிடைக்கும், சத்தமும் இருக்காது. ஆனால் சென்சாரை மேலிருந்து கீழாகப் படித்து முடிக்கச் சுமார் 1/15 நொடி எடுக்கிறது. கிரிக்கெட் மட்டை வாழைக்காய் மாதிரி வளையும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/15 நொடிக்குள் ஆறேழு துடிப்புகள் வந்துவிடுவதால் படத்தில் ஆறேழு பட்டைகள் விழும். சத்தமில்லாமல் எடுத்தே ஆக வேண்டிய மண்டபத்தில் ஷட்டரை 1/100 அல்லது 1/50-ல் நிறுத்துங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு முழுத் துடிப்பின் ஒளியையாவது வாங்கிவிடும், பட்டை மறையும். மேடைக்குப் பின்னால் இருக்கும் எல்.இ.டி. சுவருக்கு இது போதாது. அவை வேறு வேகத்தில் துடிப்பவை. அங்கே எந்திரப் பின்திரைக்கே திரும்பிவிடுவது நல்லது.

கார்டு ஒன்றுதான். யூ.எச்.எஸ்-2 எஸ்.டி. கார்டு, இடப்பக்கக் கதவுக்குள். ட்ரைபாடில் இருக்கும்போதே கார்டை மாற்ற முடிவது நல்ல விஷயம். பேட்டரி கதவு அடிப்பக்கம் என்பதால் அதற்கு ட்ரைபாட் தகட்டைக் கழற்ற வேண்டும். திருமணம் எடுப்பவர்கள் ஒரே பாடியாக இதை நம்பக் கூடாது. ஒரு கார்டு செத்தால் தாலி கட்டும் படம் திரும்ப வராது. இரண்டாவது பாடியாக, கைக்கு எளிதான 35 அல்லது 40 மி.மீ. லென்ஸோடு தோளில் தொங்கவிடுவதற்கு இதைவிடப் பொருத்தமானது குறைவு. எச்.டி.எம்.ஐ. துளை மைக்ரோ வகை. வெளி மானிட்டர் மாட்டுபவர்கள் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கவ்வி இல்லாமல் வேலை செய்தால் துளை தளர்ந்துவிடும்.

வீடியோவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 4கே 30 (நொடிக்கு 30 சட்டகம்) வரை சென்சாரின் முழு அகலமும் 7கே அளவில் படிக்கப்பட்டுச் சுருக்கப்படுவதால் மிகத் தெளிவு. 4கே 60-க்குப் போனால் படம் சென்சாரின் நடுப்பகுதி மட்டுமான சூப்பர் 35 அளவுக்கு வெட்டப்படும், 28 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 42 மி.மீ. பார்வைக்கு வந்துவிடும். கேமராவைக் கையில் பிடித்துத் தன்னையே எடுத்தபடி பேசுபவர் இதற்கு 20 மி.மீ. அல்லது அதைவிட அகலமான லென்ஸ் வைத்திருக்க வேண்டும். சூடு இந்த அளவு பாடியில் தவிர்க்க முடியாதது. ஆட்டோ பவர் ஆஃப் வெப்ப அளவை ஹை-யில் வையுங்கள், திரையைப் பாடியிலிருந்து விலக்கித் திறந்து வையுங்கள், டேக்குகளுக்கு நடுவில் நிழலில் வையுங்கள். நீண்ட கச்சேரிகளை இடைவிடாமல் பதிவு செய்வதுதான் வேலை என்றால் வேறு கேமரா பாருங்கள்.

இனி லென்ஸ். இந்த வகைக் கேமராவின் தலையெழுத்தே இதில்தான் இருக்கிறது. ஏ7 மார்க் 4-ஐவிட ஏ7சி 2 மிச்சப்படுத்துவது 144 கிராம். இந்தச் சிறிய பாடியில் 695 கிராம் எடையுள்ள 24-70 எஃப் 2.8 ஜி.எம். 2-ஐ மாட்டினால் மொத்தம் 1,209 கிராம். எடை முழுக்க முன்னால் சாயும், பிடியின் அடியில் சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது, ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். அந்த லென்ஸ்தான் வேண்டும் என்றால் ஆழமான பிடியுள்ள மார்க் 4 எவ்வளவோ மேல். சிறிய பாடியை வாங்கிப் பெரிய ஜூமை மாட்டுவது பணத்தையும் இழந்து வசதியையும் இழப்பது.

பாடியோடு சேர்த்து விற்கும் கிட் லென்ஸாக வரும் 28-60 எஃப் 4-5.6 வெறும் 167 கிராம், மடக்கினால் 45 மி.மீ. நீளம். பாடியோடு சேர்த்து 681 கிராம். கண்ணாடியில் குறை இல்லை; பகலில் தெளிவான படம் தருகிறது. ஒவ்வொரு முறையும் வளையத்தைத் திருகி நீட்டிய பிறகுதான் வேலை செய்யும் என்பது ஒன்று. 60-ல் எஃப் 5.6 என்பதால் மாலை மங்கியதும் ஐ.எஸ்.ஓ. ஏறிக்கொண்டே போவது இன்னொன்று. பயணத்துக்குப் பகல் நேர லென்ஸாக மட்டும் கருதினால் நல்லதுதான்.

இந்தப் பாடிக்கென்றே செய்தது போன்றவை 2021-ல் வந்த மூன்று ஜி லென்ஸ்கள்: 24 மி.மீ. எஃப் 2.8, 40 மி.மீ. எஃப் 2.5, 50 மி.மீ. எஃப் 2.5. முறையே 162, 173, 174 கிராம். மூன்றும் 45 மி.மீ. நீளம், மூன்றுக்கும் 49 மி.மீ. ஃபில்டர், மூன்றிலும் திறப்பை மாற்றும் அபெர்ச்சர் வளையம். பிரதிபலிப்பைக் குறைக்கும் ஒரே போலரைசரும் ஒரே என்.டி.யும் எல்லாவற்றுக்கும் போதும். பாடியையும் மூன்று லென்ஸ்களையும் சேர்த்தால் 1,023 கிராம். சோனியின் 70-200 எஃப் 2.8 ஜி.எம். 2 லென்ஸ் மட்டுமே 1,045 கிராம். பை சிறுக்குமா என்ற கேள்விக்கு இந்த இரண்டு எண்களைவிடத் தெளிவான பதில் கிடையாது. ஜூம்தான் வேண்டும் என்பவர்கள் 440 கிராம் எடையுள்ள 24-50 எஃப் 2.8 ஜி அல்லது 470 கிராம் சிக்மா 28-70 எஃப் 2.8 வரை போகலாம். அதற்கு மேல் பாடியின் பிடி தாங்காது.

இதற்கு, ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சாருள்ள ஏ.பி.எஸ்-சி கேமரா வாங்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சோனியின் ஏ6700 கேமரா 493 கிராம்; ஏ7சி 2-ஐவிட 21 கிராம்தான் குறைவு. லென்ஸையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு ஆளுக்கு ஆள் மாறும். ஏ.பி.எஸ்-சி-யில் சிக்மா 18-50 எஃப் 2.8 சுமார் 290 கிராம். பின்னணி மங்கலிலும் சேரும் மொத்த ஒளியிலும் அது ஃபுல் ஃபிரேமின் எஃப் 4.2-க்குச் சமம். ஃபுல் ஃபிரேமில் ஜூம் மாட்டி அதே எடையில் அதைத் தாண்டுவது கடினம். ஜூம் ஆகாத பிரைம் லென்ஸில் கதை மாறும். 40 மி.மீ. எஃப் 2.5 ஜி தரும் அதே தோற்றத்துக்கு ஏ.பி.எஸ்-சி-யில் எஃப் 1.7 அளவு வேண்டும். சிக்மாவின் 30 மி.மீ. எஃப் 1.4 அதைத் தாண்டுகிறது, ஆனால் எடை 260 கிராமுக்கு மேல். ஆகவே ஒரே ஜூமில் வாழ்பவருக்கு ஏ.பி.எஸ்-சி, சிறிய பிரைம்களை மாற்றி மாற்றி எடுப்பவருக்கு ஃபுல் ஃபிரேம்.

மற்ற நிறுவனங்கள் வேறு வேறு இடத்தில் வெட்டியிருக்கிறார்கள். 2023-ல் வந்த கேனன் ஆர்8 461 கிராம்தான். எடை குறைந்ததற்குக் காரணம் 1,040 எம்.ஏ.எச். எல்.பி-இ17 பேட்டரியும் பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் இல்லாததும். திரையில் பார்த்து எடுத்தால் ஒரு சார்ஜுக்கு 300 படத்தைத் தொடாது, இரண்டு உதிரி பேட்டரிகளின் எடையையும் கணக்கில் சேருங்கள். ஆனால் சென்சார் வேகமாகப் படிக்கிறது, 4கே 60 வெட்டில்லாமல் கிடைக்கிறது, 120 கிராம் எடையுள்ள ஆர்.எஃப் 28 மி.மீ. எஃப் 2.8 பான்கேக் (தட்டையான லென்ஸ்) அருமையான ஜோடி. பானசோனிக் எஸ்9, 2024-ல் 1,500 டாலருக்கு வந்தது, 486 கிராம். வியூஃபைண்டர் இல்லை, எந்திர ஷட்டர் இல்லை, மேலே உள்ள ஷூவில் மின்தொடர்பு இல்லாததால் ஃப்ளாஷும் போட முடியாது. வீடியோவும், படத்தின் வண்ணத் தோற்றத்தை மாற்றும் எல்.யூ.டி.யும் முக்கியம் என்பவருக்கு மட்டும். சிக்மா எஃப்பி 422 கிராமில் எல்லோரையும் முந்தியது, 2019-லேயே; அதுவும் மின்னணு ஷட்டர் மட்டும்தான், ஃபோட்டோவுக்கு மெதுவான சென்சார். நிக்கானிடம் 26 மி.மீ. எஃப் 2.8 என்ற 125 கிராம் பான்கேக் இருக்கிறது, அதற்கேற்ற சிறிய பாடி இல்லை. இசட்எஃப் அழகானது, ஆனால் 710 கிராம்.

அடுத்து வரும் ஏ7சி-யிலிருந்து கேட்க வேண்டியது அதிக மெகாபிக்சல் இல்லை. 2024-ல் நிக்கான் இசட்6 மார்க் 3 கொண்டுவந்த பகுதி அடுக்கு சென்சார் மாதிரி வேகமாகப் படிக்கும் சென்சார் வேண்டும். அது வந்தால் எந்திர முன்திரை இல்லாத குறை தானாகவே சிறுத்துவிடும். வெட்டுப்பட்ட வட்டமும் எல்.இ.டி. பட்டையும் பாதி தீரும், 4கே 60-ஐ முழு அகலத்தில் தரவும் வழி பிறக்கும். ஜாய்ஸ்டிக்கைத் திரும்ப வைக்க வேண்டும். 2013-ல் வந்த 120 கிராம் சோனார் 35 மி.மீ. எஃப் 2.8-க்குப் பிறகு சோனி அந்த எடையில் ஆட்டோஃபோகஸ் ஃபுல் ஃபிரேம் லென்ஸ் எதையும் செய்யவில்லை. வில்ட்ராக்ஸின் 60 கிராம் 28 மி.மீ. எஃப் 4.5 அந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறது, ஆனால் அபெர்ச்சர் மாறாது. சோனியே 28 அல்லது 35-ல், அபெர்ச்சர் மாறக்கூடிய ஒரு பான்கேக்கைச் செய்ய வேண்டிய நேரம் இது. அது வரும்வரை ஏ7சி 2 வாங்குபவர் கிட் லென்ஸுக்கான காசை மிச்சம்பிடித்து, பாடியை மட்டும் எடுத்து, 40 மி.மீ. ஜி-யையும் ஒரு 49 மி.மீ. என்.டி.யையும் சேர்த்து வாங்குவது நல்லது.